எட்டுக் கோர் இருந்தும் ஏன் காத்திருக்கிறோம்? கணினி தன் வேலைகளைப் பங்கிடும் விதம்

யாழ்ப்பாண நகரின் கொம்பியூட்டர் கடைகளில் விலைப்பட்டியலைக் கையிலெடுத்தால், நினைவகத்தின் அளவுக்கும் முன்னதாகக் கண்ணில் படுவது கோர்களின், அதாவது செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகளின், எண்ணிக்கைதான். கல்யாண வீடியோ எடிற் செய்யும் ஸ்ரூடியோக்காரரும், பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட மகளுக்கு மடிகணினி வாங்க வரும் தகப்பனும், நான்குக்குப் பதில் எட்டு என்றால் இரண்டு மடங்கு வேகம் என்ற கணக்கோடுதான் காசை எண்ணிக் கொடுக்கிறார்கள். சில கிழமைகள் கழித்து, "எட்டுக் கோர் எண்டு சொல்லித்தானே தந்தனீங்கள் தம்பி, இதுவும் பழையதைப் போலத்தானே இழுபடுது" என்று அதே கடைக்குத் திரும்பி வருபவர்களும் உண்டு. கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. செயலியில் எத்தனை கோர்கள் இருந்தாலும், எந்த வேலை எந்தக் கோரில், எவ்வளவு நேரம், எதற்குப் பின் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள் இருக்கும் ஷெட்யூலர் என்ற பகுதி. வேலையைப் பங்கிடுவது அதற்குப் பெரிய காரியமல்ல. எந்த வேலையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது என்று அறிவதுதான் அதன் திறமை முழுவதையும் சோதிக்கிறது.

இத்தனை கோர்கள் எதற்காக வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004 ஆம் ஆண்டு வரை செயலிகளின் வேகம் கிகாஹேர்ட்ஸ் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க அவற்றுக்குத் தேவையான மின்னழுத்தமும் குறைந்து வந்ததால், கூடிய வேகத்தில் ஓட்டினாலும் வெப்பம் கட்டுக்குள் இருந்தது. அந்தக் குறைவு ஓரிடத்தில் நின்றுபோனதும் வெப்பம் முட்டுக்கட்டையாயிற்று. இன்டெல் நிறுவனம் 2004 மே மாதத்தில் தேஜாஸ் என்ற அடுத்த செயலித் திட்டத்தைக் கைவிட்டது. அவ்வருட இறுதியில் வந்த பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹேர்ட்ஸோடு நின்றது. 2005 இல் இன்டெலும் ஏஎம்டியும் மேசைக் கணினிகளுக்கான இரட்டைக் கோர் செயலிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதுவரை புதிய கணினி வாங்கினால் பழைய மென்பொருளும் தானாகவே விரைவாக ஓடியது. அதன் பின்னர், மென்பொருளை எழுதுபவர் வேலையைத் துண்டுகளாக்கிக் கொடுத்தால் மட்டுமே புதிய வன்பொருளின் பயன் கிடைக்கும் என்ற நிலை வந்தது. வாங்குபவர்களின் கணக்கு மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

ஷெட்யூலரின் கண்ணுக்கு வீடியோ மென்பொருள், உலாவி, எக்செல் என்ற பெயர்களெல்லாம் பெரிதாகத் தெரிவதில்லை. அது காண்பது இழைகளை மட்டுமே. ஒரு நிரல் ஓடும்போது அதற்குள் ஓர் இழையும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். ஓர் இழை என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்பட வேண்டிய கட்டளைகளின் ஒற்றைத் தொடர். ஒரு கணத்தில் அது ஒரு கோரில் மட்டுமே ஓட முடியும். இயங்குதளம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் ஓர் இழையை இரண்டாகக் கிழித்து இரண்டு கோர்களுக்குக் கொடுக்க அதனால் இயலாது.

விண்டோஸ் கணினியில் இதை நேரிலேயே பார்க்கலாம். எட்டுத் தருக்கக் கோர்கள் (இயங்குதளம் தனிக் கோராக எண்ணுபவை) கொண்ட கணினியில் ஒற்றை இழையில் ஓடும் கனமான வேலையொன்றைத் தொடங்கிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், மொத்தப் பயன்பாடு 12 அல்லது 13 சதவீதத்தைத் தாண்டாமல் நிற்கும். நூறை எட்டால் வகுத்தால் வருவது அதுதான்: ஒரு கோர் முழு மூச்சாக ஓடுகிறது, ஏழு கோர்கள் சும்மா இருக்கின்றன. கணினி நூற்றில் பன்னிரண்டு பங்குதான் உழைக்கிறது, பிறகு ஏன் சுணங்குகிறது என்று குழம்பிப்போவோர் பலர். அதைவிட ஏமாற்றும் காட்சி இன்னொன்று உண்டு. கோர் வாரியான வரைபடத்துக்கு மாற்றிப் பார்த்தால், ஒரே ஒரு வரைபடம் உச்சியைத் தொட்டு நிற்கும் என்று எதிர்பார்ப்போம். பல வேளைகளில் மூன்று நான்கு வரைபடங்கள் பாதியளவில் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் வேலை பங்கிடப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அந்த ஒரே இழையை ஷெட்யூலர் சிறிது நேரம் ஒரு கோரிலும் சிறிது நேரம் இன்னொன்றிலும் ஓடவிட, வரைபடம் ஒவ்வொரு செக்கனுக்குமான சராசரியைக் காட்டுகிறது. எந்தக் கணத்தை எடுத்தாலும் ஓடுவது ஒரு கோர்தான்.

இழைகள் பல இருக்கும்போது என்ன நடக்கிறது? முதலில் ஒரு கோரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓடத் தயாரான இழைகள் கோர்களைவிட அதிகமாக இருக்கையில், ஒவ்வொன்றுக்கும் சில மில்லி செக்கன்கள் கொடுத்து மாற்றி மாற்றி ஓடவிடுவது ஷெட்யூலரின் அடிப்படைத் தொழில். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் 2007 இல் வெளியான 2.6.23 பதிப்பு முதல் பதினாறு ஆண்டுகள் இதைச் செய்துவந்தது சிஎஃப்எஸ் எனப்படும் முழு நீதி ஷெட்யூலர். இங்கோ மொல்னார் எழுதிய இது, ஒவ்வோர் இழையும் இதுவரை எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கேடு வைத்திருந்து, மிகக் குறைவாக ஓடிய இழைக்கே அடுத்த வாய்ப்பைக் கொடுத்தது. நீதியாகப் பங்கிடலாம் என்ற எண்ணத்தை அதற்கு முன்னரே தன் சொந்த ஷெட்யூலர்களில் செய்து காட்டியவர் கொன் கொலிவாஸ். அவர் அவுஸ்திரேலியாவில் மயக்க மருந்து வைத்தியராகப் பணிபுரிந்தவர் என்பது கணினித் துறைக்காரர்கள் இன்றும் வியப்போடு சொல்லும் செய்தி.

2023 இல் வந்த 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ்ஸின் இடத்தை ஈஈவிடிஎஃப் என்ற முறை பிடித்தது. இதன் கணிதம் 1995 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதப்பட்டுவிட்டது. தனக்குரிய பங்கு இன்னும் கிடைக்காத இழைகளை மட்டும் தகுதியுள்ளவையாகக் கொண்டு, அவற்றுள் எதன் கெடு முதலில் வருகிறதோ அதை ஓடவிடுவது இதன் சாரம். எட்டுக் கோர் கணினியொன்றில் ஒரு தடவைக்குக் கிடைக்கும் துண்டு ஏறத்தாழ 3 மில்லி செக்கன். பாட்டுக் கேட்டுக்கொண்டே கனமான கோப்பொன்றைச் சுருக்கும்போது பாட்டு இடையில் அறாமல் இருப்பது இவ்வாறான கணக்குகளால்தான். பாட்டை இயக்கும் இழைக்கு ஒவ்வொரு முறையும் தேவைப்படுவது சிறு நேரம்; ஆனால் அது கேட்கும்போது உடனே கிடைக்க வேண்டும்.

எல்லா இழைகளுக்கும் சமபங்கு என்பது கட்டாயமல்ல. லினக்ஸில் நைஸ் என்ற எண் −20 முதல் 19 வரை செல்லும். எண் கூடக் கூட அந்த வேலை மற்றவற்றுக்கு விட்டுக்கொடுக்கிறது. பங்கைத் தீர்மானிக்கும் நிறை ஒவ்வோர் எண்ணுக்கும் உண்டு; இயல்பு நிலையான 0 இன் நிறை 1024. ஒரு படி கீழிறங்கி 1 ஆனால் நிறை 820. இவ்விரண்டும் ஒரே கோரில் போட்டியிட்டால் பங்கு ஏறத்தாழ 55.5 க்கு 44.5 ஆகப் பிரியும். கடைசிப் படியான 19 இன் நிறை வெறும் 15 என்பதால், அதற்கு இயல்பு நிலை இழையோடு போட்டியிட்டுக் கிடைப்பது நூற்றில் ஒன்றரைக்கும் குறைவு. ஆயினும் கோர் சும்மா இருந்தால் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் வேறு வழியில் போகிறது. அங்கு 0 முதல் 31 வரையான முன்னுரிமைப் படிகள் உண்டு. மேற்படியில் ஓர் இழை தயாராக இருக்கும்வரை அந்தக் கோரில் கீழ்ப்படி இழைக்கு முறை வராது. அப்படியே விட்டால் சில இழைகள் காலமெல்லாம் பட்டினி கிடக்க நேரும் என்பதால், ஏறத்தாழ 4 செக்கன்கள் காத்துக்கிடந்த இழையைத் தேடிப்பிடித்துத் தற்காலிகமாக 15 ஆம் படிக்கு உயர்த்திவிடும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் லினக்ஸின் வழியே செம்மையானது என்பது என் எண்ணம். விண்டோஸின் வழி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நன்றாக ஓடவைக்கப்பட்டது. ஆனால் அந்த ஒட்டுகள் உறுதியானவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனிப் பல கோர்களுக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எல்லா இழைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எந்தக் கோர் ஓய்கிறதோ அது வரிசையின் தலையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் மிக எளிய ஏற்பாடு. எந்தக் கோரும் சும்மா இருக்காது, எந்த இழையும் அநியாயமாகக் காத்திருக்காது. லினக்ஸின் 2.4 பதிப்பு இவ்வாறுதான் இருந்தது. ஆனால் ஒரே வரிசையை இரண்டு கோர்கள் ஒரே கணத்தில் தொட்டால் கணக்குக் குழம்பிவிடும் என்பதால், தொடும் கோர் முதலில் ஒரு பூட்டைப் போட வேண்டும். அது முடிக்கும்வரை மற்றக் கோர்கள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு கோர்களுக்கு இது பரவாயில்லை. முப்பத்திரண்டு கோர்கள் இருந்தால், வேலை செய்வதற்குச் செலவிடும் நேரத்தில் கணிசமான பங்கு பூட்டுக்காகக் காத்திருப்பதில் போய்விடும். போதாக்குறைக்கு, அடுத்து யாரை ஓடவிடுவது என்று முடிவெடுக்க ஒவ்வொரு முறையும் வரிசை முழுவதையும் அது வாசித்துப் பார்த்தது.

2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பு ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை கொடுத்தது. இன்றைய பெரிய இயங்குதளங்கள் எல்லாம் ஏதோவொரு வகையில் இதே வழியில்தான் செல்கின்றன. பூட்டுக்கான போட்டி ஒழிந்தது. ஆனால் அதன் விலையாக, ஒரு கோரின் வரிசையில் ஐந்து இழைகள் நிற்க, பக்கத்துக் கோர் வெறுமையாக இருக்கும் நிலை தோன்றியது. 2022 இன் தட்டுப்பாட்டின்போது இலங்கையின் எரிபொருள் நிலையங்களில் நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை: பம்பிக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால், பக்கத்து வரிசை குறைந்ததைக் கண்டு மாறுவதா, மாறும் நேரத்துக்குள் இங்கேயே முறை வந்துவிடுமா என்று ஒவ்வொருவரும் தவிக்க வேண்டியதுதான். ஷெட்யூலரின் தவிப்பும் இதுவே; ஆனால் அதற்கு மாறுவதன் செலவு இன்னும் கடுமையானது.

அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மற்றவை புரியாது. செயலியின் வேகத்துக்கு முதன்மை நினைவகம் ஈடுகொடுப்பதில்லை. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுத்துவர ஏறத்தாழ 100 நானோ செக்கன்கள் பிடிக்கும். கோருக்கு மிக அருகிலுள்ள, கேஷ் எனப்படும் சிறிய பதுக்கு நினைவகத்தின் முதல் மட்டத்திலிருந்து எடுக்க ஒரு நானோ செக்கனை ஒட்டிய நேரமே போதும். ஓர் இழை ஒரு கோரில் சிறிது நேரம் ஓடியதும், அதற்கு வேண்டிய தரவுகள் அந்தக் கோரின் பதுக்கு நினைவகத்தில் வந்து குடியேறிவிடுகின்றன. அதைத் தூக்கி இன்னொரு கோரில் வைத்தால் அங்கு எதுவுமே இல்லை. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து மீண்டும் கொண்டுவர வேண்டும். ஆகவேதான் லினக்ஸ், கடந்த அரை மில்லி செக்கனுக்குள் ஓடிய இழையைச் சூடு ஆறாதது என்று கணித்து, அதை இடம் மாற்றத் தயங்குகிறது. அரை மில்லி செக்கன் என்பது அனுபவத்தால் வைக்கப்பட்ட ஒரு மதிப்பீடே. எந்த இழைக்கு எவ்வளவு தரவு எங்கே கிடக்கிறது என்பதை ஷெட்யூலர் நேரடியாக அறிய வழியில்லை.

இடம் மாற்றும் முடிவுகள் மூன்று சந்தர்ப்பங்களில் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் அடிக்கடி நிகழ்வது இழையொன்று விழித்தெழும் வேளை. இழைகள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கின்றன: தட்டச்சுக்காக, வலையமைப்பிலிருந்து வரும் தரவுக்காக, வன்தட்டுக்காக. காத்திருந்தது வந்துசேர்ந்ததும் அதை எந்தக் கோரில் எழுப்புவது என்ற கேள்வி எழும். முன்பு ஓடிய கோர் சும்மா இருந்தால் அதுவே முதல் தெரிவு. இல்லாவிட்டால் அதனோடு கடைசி மட்டப் பதுக்கு நினைவகத்தைப் பகிரும் அயல் கோர்களில் சும்மா இருப்பது எது என்று தேடும். எழுப்பிவிட்ட இழைக்கு அருகில் வைப்பதா என்பதும் கணக்கில் வரும், ஏனெனில் ஒன்றையொன்று எழுப்பும் இழைகள் பெரும்பாலும் ஒரே தரவைத்தான் கைமாற்றுகின்றன. இரண்டாவது சந்தர்ப்பம், ஒரு கோர் தன் வரிசை தீர்ந்து ஓய்வுக்குப் போகும் தறுவாயில் அயலவரிடமிருந்து வேலையை இழுத்துக்கொள்வது. மூன்றாவது, குறித்த இடைவெளிகளில் நடக்கும் சமன்செய்கை.

சமன்செய்கையில் லினக்ஸ் கோர்களை வெறும் பட்டியலாகப் பார்ப்பதில்லை. உறவுமுறை வைத்துப் பார்க்கிறது. ஹைப்பர் த்ரெடிங் என்ற ஏற்பாடு ஒரு கோரை இரண்டாகக் காட்டும்போது, ஒரே கோருக்குள் இருக்கும் அந்த இரண்டு இழைத்தடங்கள் மிக நெருங்கியவை. பதுக்கு நினைவகத்தைப் பகிரும் கோர்கள் அடுத்த வட்டம். இரண்டு செயலிகள் பொருத்திய சேர்வர்களில் மற்றச் செயலியும் அதன் பக்கத்து நினைவகமும் வெளி வட்டம். உள்வட்டத்துக்குள் வேலையை அடிக்கடி மாற்றலாம். வட்டம் விரிய விரிய மாற்றம் அரிதாக வேண்டும். இந்த உறவை இயங்குதளம் அறியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஏஎம்டியின் ரைசன் செயலிகள் நல்ல உதாரணம். 2017 இல் வந்த முதல் ரைசனில் எட்டுக் கோர்கள் இருந்தாலும் அவை நான்கு நான்காகப் பிரிந்து தனித்தனி மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம் வைத்திருந்தன. விண்டோஸ் 10 இன் 2019 மே மாதப் பதிப்பு வரும்வரை, ஒரு நிரலின் இழைகளை முதலில் ஒரே நான்குக்குள் நிரப்பவேண்டும் என்ற அறிவு அதன் ஷெட்யூலருக்கு இருக்கவில்லை. 2020 இல் வந்த புதிய தலைமுறைச் செயலியில் எட்டும் ஒரே பதுக்கு நினைவகத்தின் கீழ் வந்ததும் அந்தத் தொல்லையே பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

தவறுகளும் நடந்திருக்கின்றன. 2016 இல் யூரோசிஸ் என்ற கணினியியல் மாநாட்டில் வெளியான ஆய்வொன்று, லினக்ஸ் ஷெட்யூலரில் பல ஆண்டுகளாக எவரும் கவனியாமல் கிடந்த நான்கு வழுக்களை எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று எனக்கு எப்போதும் சுவையாகப்படுவது. 64 கோர் கொண்ட கணினியொன்றில் ஒருவர் 64 இழைகளோடு கேர்னலின் மூல நிரலை ஓடக்கூடிய வடிவுக்குத் தொகுக்கிறார். அதே கணினியில் ஒற்றை இழை கொண்ட இரண்டு புள்ளியியல் நிரல்களும் ஓடுகின்றன. பயனர் அமர்வுகளுக்கிடையே நீதி பேண வேண்டும் என்ற விதியின்படி, 64 ஆகப் பிரிந்த வேலையின் ஒவ்வோர் இழைக்கும் மிகச் சிறிய சுமையெண்; ஒற்றை இழைக்கோ மிகப் பெரிய சுமையெண். ஷெட்யூலர் கோர்க் கூட்டங்களின் சராசரிச் சுமையை ஒப்பிட்டது. பெரிய சுமையெண் கொண்ட ஓர் இழை ஒரு கூட்டத்துக்குள் இருந்ததால் அதன் சராசரி உயர்ந்து தெரிந்தது. அந்தக் கூட்டத்தின் மற்றக் கோர்கள் வெறுமையாகக் கிடந்தபோதும், நெரிசலில் திணறிய பக்கத்துக் கூட்டத்திலிருந்து அவை வேலை எடுக்கவில்லை. சராசரிக்குப் பதில் கூட்டத்திலேயே குறைந்த சுமையை ஒப்பிட்டதும் கோளாறு தீர்ந்தது. இவ்வகை வழுக்களால் கேர்னல் தொகுப்புக்கு 13 சதவீதம் கூடுதல் நேரமும், வணிகத் தரவுத்தளமொன்றில் 14 முதல் 23 சதவீத இழப்பும் ஏற்பட்டதாக அந்த ஆய்வு அளந்தது. கணினி நின்றுபோகவில்லை, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். பத்தாண்டுகள் ஒளிந்திருக்க அதுவே போதுமானதாயிற்று.

நம்மூரில் பலருக்குப் பழகிய வேலையொன்றை வைத்து இதே சிக்கலின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குப் பின், பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடிச் சேமிப்பது யாழ்ப்பாணத்தில் வழக்கமான காரியமாகிவிட்டது. மின்வருடிய பக்கங்களிலிருந்து எழுத்தை வாசித்தெடுக்கப் பெரும்பாலும் டெசரக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் எந்தத் தொடர்பும் இல்லாத வேலை இது. கோர்களுக்குப் பங்கிட இதைவிட வசதியானது கிடைப்பது அரிது. எட்டுக் கோர் கணினியில் ஒரே நேரத்தில் எட்டுப் பக்கங்களைக் கொடுத்தால் எட்டு மடங்கு வேகம் வரவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்.

செய்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். டெசரக்ட்டின் நான்காம் பதிப்பு தொடக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதுவே, வேலையை இழைகளாகப் பிரிக்க உதவும் ஓப்பன்எம்பி வழியாக நான்கு இழைகள் வரை எழுப்பிக்கொள்கிறது. எட்டுப் பக்கங்களுக்கு 32 இழைகள். இருப்பதோ எட்டுக் கோர்கள். இந்த நான்கு இழைகளும் தனித்தனியே ஓடிப்போவதில்லை. ஒரு சிறு கணிப்பைப் பிரித்துச் செய்துவிட்டு, நால்வரும் ஓரிடத்தில் கூடிய பின்னரே அடுத்ததற்குச் செல்கின்றன. மூன்று வந்துசேர்ந்து, நான்காவதைக் கோரிலிருந்து ஷெட்யூலர் இறக்கிவிட்டிருந்தால், மூன்றும் அதற்காக நிற்க வேண்டும். அதுவும் உறங்கி நிற்பதில்லை; சிறிது நேரத்துக்கு, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஓயாமல் சுழன்று பார்த்தபடி நிற்கின்றன. ஷெட்யூலரின் கணக்கில் அந்தச் சுழற்சியும் உழைப்புத்தான். கோர்கள் எட்டும் 100 சதவீதம் ஓடுவதாக வரைபடம் காட்டும், விசிறி இரையும், பக்கங்கள் மட்டும் நகரா. ஓப்பன்எம்பியின் இழை எல்லையைச் சொல்லும் சூழல் மாறியில் (OMP_THREAD_LIMIT) 1 என்று எழுதிவிட்டு, அதே எட்டுப் பக்கங்களை மறுபடியும் கொடுத்தால் வேலை தெளிவாகவே விரைவுபடும். பக்கங்களாக ஏற்கெனவே பிரிந்துகிடக்கும் வேலையை மேலும் பொடியாக்கியதுதான் கோளாறு. புதிய கணினி வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர்கள் முதலில் இந்த ஒரு வரியை எழுதிப் பார்க்க வேண்டும்.

வீடியோ எடிற் செய்பவரின் சிக்கல் இதற்கு நேரெதிர். அங்கே பிரிக்க முடியாத பகுதி ஒன்று எப்போதும் இருந்துகொண்டிருக்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967 இல் முன்வைத்த வாதம் அதற்கு எல்லை கட்டுகிறது: வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், எட்டுக் கோர்களால் கிடைக்கும் வேகம் 4.7 மடங்கு, கோர்களை எவ்வளவுதான் கூட்டினாலும் 10 மடங்கைத் தாண்டாது. இதில் ஷெட்யூலர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஸ்ரூடியோக்காரருக்கு, கூடிய கோர்களைவிட ஒவ்வொரு கோரும் விரைவாக ஓடும் செயலியும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் பயன்படக்கூடும் என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

இதுவரை எல்லாக் கோர்களும் ஒன்றுபோல இருக்கும் என்று வைத்துப் பேசினோம். கையிலுள்ள தொலைபேசியில் அப்படியில்லை. ஏஆர்எம் நிறுவனம் 2011 ஒக்டோபரில் அறிவித்த ஏற்பாட்டின்படி, ஒரே சில்லில் வலுவான பெரிய கோர்களும் சிக்கனமான சிறிய கோர்களும் அருகருகே இருக்கின்றன. இங்கே சமமாகப் பங்கிடுவது தவறான விடை. வட்ஸ்அப் செய்தி வந்ததா என்று பார்க்கும் சிறு வேலையைப் பெரிய கோரில் எழுப்புவது மின்கலத்தை வீணடிப்பது. விளையாட்டின் முதன்மை இழையைச் சிறிய கோரில் வைத்தால் திரை தடக்கும். லினக்ஸ் ஒவ்வோர் இழையின் அண்மைக்கால உழைப்பையும் ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன் துண்டுகளாக அளந்து, 32 மில்லி செக்கனுக்கு ஒருமுறை பழைய அளவின் கனம் பாதியாகும்படி வைத்துக் கணிக்கிறது. 2019 இல் வந்த 5.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஆற்றலறிந்த ஷெட்யூலிங், அந்த அளவையும் ஒவ்வொரு கோரின் மின்செலவு அட்டவணையையும் சேர்த்துவைத்து, இந்த இழையை எங்கு வைத்தால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று கணக்குப் பார்க்கிறது.

மடிகணினிகளிலும் இது வந்துவிட்டது. 2020 இல் அப்பிளின் எம்1 நான்கு வலுவான கோர்களையும் நான்கு சிக்கனக் கோர்களையும் கொண்டிருந்தது. பின்னணி வேலை என்று மென்பொருளே முத்திரையிட்டவற்றை மக்ஓஎஸ் சிக்கனக் கோர்களிலேயே வைத்துக்கொள்கிறது. இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகள் 2021 இல் இருவகைக் கோர்களோடு வந்தன. ஒவ்வோர் இழையும் எவ்வகைக் கட்டளைகளை ஓட்டுகிறது என்பதை வன்பொருளே கவனித்து விண்டோஸ் 11 க்குக் குறிப்புக் கொடுக்கும் ஏற்பாடும் உடன் வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில், மடிகணினியின் மின்கலம் இன்னும் ஒரு மணிநேரம் தாங்குமா என்பது ஆடம்பரக் கேள்வியல்ல. சிக்கனக் கோர்களின் எண்ணிக்கையை விளம்பரத்தில் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

ஹைப்பர் த்ரெடிங் பற்றி ஒரு சொல். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் இந்த ஏற்பாட்டில் இரு இழைகளும் ஒரே பதுக்கு நினைவகத்தைப் பகிர்வதால், ஒன்று மற்றதன் இரகசியத்தை ஒட்டுக்கேட்கும் வழிகள் 2018 இல் வெளிப்பட்டன. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அவ்வருடமே அதை முடக்கிவைத்தது. லினக்ஸ் 2021 இன் 5.14 பதிப்பில், ஒன்றையொன்று நம்பும் இழைகளை மட்டும் ஒரே கோரில் சேர்த்து ஓடவிடும் வசதியைச் சேர்த்தது. வீட்டுக் கணினியில் இதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. பல வாடிக்கையாளரின் நிரல்கள் ஒரே சேர்வரில் ஓடும் இடங்களுக்கே இது தலையிடி.

இந்த முடிவுகளைப் பயனர் தம் கையில் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலும் லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளையிலும் ஒரு நிரலைக் குறித்த கோர்களோடு கட்டிவைக்க வழி இருக்கிறது. பெரும்பாலும் அது பயனளிப்பதில்லை. கட்டிவைத்த கோர் நெரிசலாகும்போது பக்கத்தில் வெறுமையாக இருக்கும் கோரை அந்த நிரலுக்குக் கொடுக்கும் உரிமையை ஷெட்யூலரிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம். இரவு முழுவதும் ஓடவேண்டிய எழுத்துணரி வேலைக்கு நைஸ் 19 கொடுத்துவிட்டு ஷெட்யூலர் பாட்டில் விடுவது, ஆறு கோர்களை அதற்கு ஒதுக்கி இரண்டை நமக்கென வைத்திருப்பதைவிட நல்லது. நாம் கணினியைத் தொடாத நேரத்தில் எட்டும் அதற்கே போகும்.

தம் வேலையின் இயல்பைத் தாமே நன்கறிவோம் என்று கருதுபவர்களுக்கு 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 புதிய கதவொன்றைத் திறந்துவிட்டிருக்கிறது. ஸ்கெட்-எக்ஸ்ட் எனப்படும் இந்த ஏற்பாட்டில், ஷெட்யூலரையே ஒரு சிறு நிரலாக எழுதி, கணினியை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலுக்குள் ஏற்றலாம். எழுதியவர் பிழைவிட்டு ஏதாவது ஓர் இழை நீண்ட நேரம் முறை கிடைக்காமல் கிடந்தால், கேர்னல் அதைக் கண்டு புதிய ஷெட்யூலரை வெளியேற்றிவிட்டுத் தன் வழக்கமான முறைக்குத் திரும்பிவிடும். அதற்கு வைக்கப்பட்டிருக்கும் உச்ச அவகாசம் 30 செக்கன்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கும் மாணவரொருவர், பல ஆண்டு அனுபவமுள்ள கேர்னல் நிரலாளர்களின் அனுமதிக்குக் காத்திராமல், தன் மடிகணினியிலேயே ஒரு ஷெட்யூலரை எழுதி, அது எங்கே சறுக்குகிறது என்று அன்றே பார்த்துவிடலாம்.